பள்ளிமுனைப் பெருக்கமரமும் அதன் தகடும்

மன்னார் நகரை ஒட்டிய பள்ளிமுனையில் வீதியோரமாக நிற்கும் பெருக்கமரத்துக்கு ஒரு தகடு வைத்திருக்கிறார்கள். சுற்றளவு 19.5 மீற்றர், உயரம் 7.5 மீற்றர், நட்டவர்கள் அரபு மாலுமிகள், நட்ட ஆண்டு 1477 என்று சொல்கிறது அது. முதல் இரண்டையும் நாடா பிடித்து யாரும் சரிபார்க்கலாம். மற்ற இரண்டும் அவ்வளவு லேசில் பிடிபடுவதில்லை. தகட்டில் ஆண்டு இருக்கிறது, ஆதாரம் இல்லை. மன்னாருக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் அந்த ஆண்டைப் படித்து, படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். மரத்தின் பட்டையைத் தொட்டுப் பார்க்கிறவர்கள் குறைவு. உண்மையில் தொடங்கவேண்டிய இடம் அதுதான்.

உயரத்தைப்போல இரண்டரை மடங்குக்கு மேல் சுற்றளவு உள்ள மரம் என்பதே முதலில் விசித்திரம். அடிமரத்தில் கையை வைத்தால் பட்டை வெடிப்பில்லாமல் வழவழவென்று இருக்கும். சாம்பல் நிறம், வெயில் சாய்ந்து விழும் இடங்களில் இலேசான செம்பு மினுக்கம். கிளை முறிந்த இடங்களிலும் அடிபட்ட இடங்களிலும் பட்டை மடிந்து மடிந்து இறங்கி, உருகிய மெழுகு ஆறும்போது விழும் திரைகளைப்போலக் கிடக்கும். வேம்பிலும் புளியிலும் பழகிய கைக்கு இது மரத்தின் பட்டையாகத் தோன்றாது.

வெளித்தோல் மிக மெல்லியது. நகத்தால் சுரண்டினாலே அடியில் பச்சை தெரியும். அந்தப் பச்சை பச்சையமேதான். இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையாக நிற்கும் மாதங்களிலும் இந்த மரம் பட்டையின் வழியே கொஞ்சம் வெயிலைச் சமைத்துக்கொள்கிறது. தடித்த கரடுமுரடான பட்டை இருந்தால் ஒளி உள்ளே போகாது. பட்டை வழவழப்பாக இருப்பதற்கு இது ஒரு காரணம். பச்சைப் படலத்துக்குக் கீழே வருவது நார். ஆபிரிக்காவில் இந்த நாரை உரித்துக் கயிறும் பாயும் கூடையும் வலையும் செய்கிறார்கள். மற்ற மரங்களைச் சுற்றிவர உரித்தால் மரம் சாகும். பெருக்கமரம் உரித்த இடத்தில் புதுப்பட்டை வளர்த்துக்கொள்ளும். ஒரே மரத்தைத் தலைமுறை தலைமுறையாக உரித்த ஊர்கள் அங்கே உண்டு. உரித்த வடு மட்டும் அடிமரத்தில் வளையமாகத் தங்கிவிடும்.

வழுக்குப்பட்டை என்றதும் இலங்கையில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது யூக்கலிப்டஸ். நுவரெலியாத் தேயிலைச் சரிவுகளில் நிற்பவை ஒரு வகை. வனத் திணைக்களம் உலர் வலயத்தில் நட்ட யூக்கலிப்டஸ் கமால்டுலென்சிஸ் வேறொரு வகை. அவுஸ்திரேலியாவில் ஆற்றங்கரைகளில் வளரும் மரம் அது. அதன் வழவழப்புக்குக் கணக்கு வேறு. ஆண்டுதோறும் வெளிப்பட்டை நாடா நாடாவாகவும் தகடு தகடாகவும் உரிந்து விழ, அடியிலிருந்து வெள்ளையும் சாம்பலும் இளஞ்சிவப்பும் கலந்த புதுத்தோல் வெளிவரும். பழையதை உதறிக்கொண்டே இருப்பதால் அது வழுக்கு. பெருக்கமரம் ஒன்றையும் உதறுவதில்லை. பட்ட காயத்தையெல்லாம் உள்வாங்கி அதன்மேல் தோலை இழுத்து மூடிக்கொள்வதால் அதுவும் வழுக்கு. வறட்சியைச் சமாளிப்பதிலும் இரண்டுக்கும் ஒத்துவராது. யூக்கலிப்டஸ் ஆண்டு முழுவதும் இலையோடு நின்று, இலையைத் தொங்கவிட்டு உச்சி வெயிலைத் தவிர்த்து, வேரை ஆழத்துக்கு அனுப்பும். பெருக்கமரம் இலையை உதிர்த்துவிட்டுச் சும்மா இருக்கும். இந்த இரண்டு குணங்களும் இயற்கையாகவே அக்கம்பக்கமாக வாழும் இடம் ஒன்று உண்டு. வடமேற்கு அவுஸ்திரேலியாவின் கிம்பர்லி. பெருக்கமரத்தின் அவுஸ்திரேலிய உறவான அடன்சோனியா கிரெகோரி அங்கே யூக்கலிப்டஸ் காட்டுக்கு நடுவில் வளர்கிறது.

பெருக்கமரத்தின் தாவரவியல் பெயர் அடன்சோனியா டிஜிடாட்டா. தமிழ்நாட்டில் ஆனைப்புளி என்பார்கள். பருத்தியும் பூவரசும் சேர்ந்த மால்வேசியே குடும்பம். அதற்குள் இலவமரத்தின் கிளை. பேரினத்தில் எட்டு இனங்கள்: ஆறு மடகஸ்காரில், ஒன்று ஆபிரிக்கப் பெருநிலத்தில், ஒன்று அவுஸ்திரேலியாவில். பேரினம் பிறந்தது மடகஸ்காரில் என்று 2024இல் வெளிவந்த மரபணு ஆய்வு சொல்கிறது. ஆசியாவுக்குச் சொந்தமாக ஓர் இனமும் இல்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் நிற்பவை எல்லாம் ஆபிரிக்க இனத்தின் பிள்ளைகள்.

உள்ளே இருப்பதை மரம் என்று சொல்வதுகூடச் சற்று மிகை. பெரும்பகுதி நீரை வைத்துக்கொள்ளும் மென்திசு. எடையில் முக்கால் பங்குக்கும் மேலாக நீர் இருக்கலாம். ஆணி அடித்தால் சுத்தியல் தேவையில்லாமலே இறங்குமோ என்று தோன்றும் அளவுக்கு மெத்தென்றது. தச்சனுக்கு உதவாது, விறகுக்கும் ஆகாது. இத்தனை காலம் வெட்டுப்படாமல் தப்பியதற்கு அந்த உதவாமையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். செத்தால் மற்ற மரங்களைப்போல நின்று காயாது. நார்க்குவியலாகச் சரிந்துவிடும்.

இந்த நீர்ச் சேமிப்பைப்பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் அதைத் தண்ணீர்த்தாங்கி என்று எழுதிவிடுவார்கள். வறட்சியில் மரம் அதைக் குடித்துக் காலம் தள்ளுகிறது என்பது அதன் பொருள். மடகஸ்கார் மரங்களில் அளந்துபார்த்த ஆய்வு ஒன்று 2006இல் வந்தது. உதிர்ந்த இலை, மழைக்கு முன்பே மறுபடி துளிர்ப்பதற்கு அடிமர நீர் பயன்படுகிறது. ஆனால் துளிர்த்த இலையின் துளைகளைத் திறந்து வேலை செய்யவிட அந்த நீரை மரம் செலவழிப்பதில்லை. அதற்கு மழை வரவேண்டும். மிச்ச நீர் முழுவதும் நிமிர்ந்து நிற்பதற்கே. வைரம் பாயாத மெல்லிய உடல், நீர் நிரம்பிய விறைப்பால் எழுந்து நிற்கிறது. அதை எடுத்துச் செலவழித்தால் மரமே சரியும்.

இப்படிப்பட்ட உடலுக்கு மன்னார் எவ்வளவு தூரம் பொருந்தும்? ஆண்டு மழை ஆயிரம் மில்லிமீற்றருக்குள். அதிலும் பெரும்பங்கு வாடைக்காற்றோடு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு நீண்ட வெயில். வைகாசி தொடக்கம் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று மணலை வாரி அடிக்கும். பனி உறைவது என்பது கிடையாது. பெருக்கமரம் தாங்காத ஒரே குளிர் அதுதான். மண் மணல், அடியில் சுண்ணாம்புப் பாறை. மன்னார்த் தீவின் நன்னீர், மணலுக்குள் உப்புநீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. முதிர்ந்த பெருக்கமரத்தின் வேர்கள் ஆழத்துக்குப் போவதில்லை. இரண்டு மீற்றர் அளவிலேயே நின்று, மரத்தின் உயரத்தையும் தாண்டிப் பக்கவாட்டில் ஓடும். மேல்மட்ட நன்னீரைமட்டும் வழித்தெடுக்க இதைவிட வசதியான வேரமைப்பு எது? பனையும் குடைபோல விரிந்த உடைமரமும் தவிர வேறு மரம் எடுப்பாகத் தெரியாத இந்த நிலம், கென்யக் கரையோரத்துக்கு மழையிலும் மணலிலும் ரொம்பத் தொலைவில்லை. பள்ளிமுனை மரத்தின் குட்டையான வடிவுக்கும் அந்தச் சோளகத்துக்கும் தொடர்பு இருக்கலாம். ஆபிரிக்காவில் இவை இருபது மீற்றருக்கு மேலும் வளர்கின்றன.

ஆனாலும் நிலம் பொருந்திவிட்டால் மரம் காடாகிவிடும் என்பதில்லை. மன்னார்ப் பகுதியில் இருப்பவை சில பத்து மரங்களே. புத்தளத்திலும் நெடுந்தீவிலும் சில உண்டு. அவை நிற்கும் இடங்களைக் கவனித்தால் வளவுகள், வழிபாட்டிடங்களின் அயல், பழைய இறங்குதுறைகளின் பக்கம், பாதையோரம் என்று மனிதர் நடமாட்டத்தோடே வரும். காட்டுக்குள் தானாகப் பரவிய மரமாக அது நடந்துகொள்ளவில்லை. இது இலங்கைக்குமட்டும் உரிய விசேஷமுமில்லை. மேற்கு ஆபிரிக்காவிலும் கைவிடப்பட்ட ஊர்களின் இடத்தைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் பெருக்கமரக் கூட்டந்தான்.

ஏன் பரவவில்லை என்பதற்குப் பூவிலிருந்து தொடங்கவேண்டும். மொட்டு நீண்ட காம்பில் தலைகீழாகத் தொங்கும். அந்தி மயங்கும்போது அகலத் திறக்கும். தடித்த வெள்ளை இதழ்கள் ஐந்தும் மேல்நோக்கி மடங்க, நடுவில் நூற்றுக்கணக்கான மகரந்தத் தாள்கள் பந்தாகத் திரண்டு தொங்கும். மணம் நமக்குப் பிடிக்காது. புளித்துப்போன பழவாடை. மறுநாள் இதழ் பழுப்பேறிவிடும். வெள்ளை நிறம், இரவு மலர்ச்சி, நாற்றம், வெளியே நீட்டிய தொங்கல் ஆகிய எல்லாம் வௌவாலுக்கான அழைப்பு. இலங்கையில் பழந்தின்னி வௌவாலுக்குப் பஞ்சமில்லை. இலவம்பூவில் பழகிய வாய்க்கு இது அந்நியமுமில்லை. சிக்கல் மகரந்தத்தில். பெருக்கமரம் பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. வேறொரு மரத்திலிருந்து வரவேண்டும். ஆகவே தனித்து நிற்கும் மரம் பூத்துக் கொட்டியும் காய்ப்பது குறைவாக இருக்கலாம். தென்னாபிரிக்காவில் காய்க்காத மரத்தை ஆண்மரம் என்றே சொல்லிவிடுகிறார்கள். பூ இருபால் பூ என்பதால் தாவரவியல்படி அது தவறு, ஆனால் கவனிப்பு சரி.

காய்த்தாலும் விதை வெளியே வரவேண்டுமே. காய் நீள்வட்டம். மேலே வெல்வெட்டு மயிர், உள்ளே சிரட்டை போன்ற ஓடு. உடைத்தால் ஈரமே இருக்காது. காய்ந்த வெண்மாவு கட்டிகட்டியாக, சிவந்த நார்களுக்கிடையில். வாயில் போட்டால் கரைந்து புளிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் உணவுப்பொருளாக அனுமதித்தது இந்த மாவைத்தான். மாவுக்குள் இருக்கும் கரும்பழுப்பு விதைக்கு ஓடு கல்போலக் கடினம். தாயகத்தில் யானையும் பபூன் குரங்கும் காயைத் தின்று, குடலில் ஓட்டை இளக்கி, வேறிடத்தில் போட்டுவிடும். மன்னார்த் தீவில் அந்த வேலையைச் செய்ய யாருமில்லை. நாற்று வேண்டுமென்றால் மனிதர் விதையை உரசித் தேய்த்து, வெந்நீரில் ஓர் இரவு ஊறப்போட வேண்டும்.

முளைத்த பிறகும் ஆபத்து தீராது. முதிர்ந்த மரத்தின் இலை ஐந்து முதல் ஏழு சிற்றிலைகளாக விரல் விரித்திருக்கும். நாற்றின் முதல் இலைகளோ பிரியாத ஒற்றை இலைகள். அடிமரமும் ஒல்லி. பெருக்கமரம் என்று அடையாளம் தெரியாது. சின்னப் பெருக்கமரத்தை யாருமே கண்டதில்லை, வளர்ந்த மரமாகவே வானத்திலிருந்து எறியப்பட்டது என்று ஆபிரிக்காவில் கதை கட்டியதற்கு இந்த வேடமே காரணம். மன்னாரில் அதைப் பிடுங்கி எறிய ஆளும் வேண்டியதில்லை. இளம் இலை ஆட்டுக்கும் மாட்டுக்கும் பிடித்த தீனி. நகரத் தெருக்களில் கேட்பாரற்றுத் திரியும் கழுதைகளும் இருக்கின்றன.

அந்தக் கழுதைகளைக் கொண்டுவந்ததும் அரபியர் என்றே சொல்கிறார்கள். யார் கொண்டுவந்ததென்று தெரியாத எதையும் மன்னார் அரபியர் கணக்கில் எழுதிவிடும். பெருக்கமரத்துக்குச் சொல்லப்படும் காரணம், ஒட்டகத்துக்குத் தழை. எனக்கு இது ஒருபோதும் ஒப்பவில்லை. தழை தேவைப்படும் கோடையிலேயே இலையை உதிர்க்கும் மரத்தை, நிழல் தரவே பல ஆண்டு எடுக்கும் மரத்தை, தீவனத்துக்காகக் கடல் கடந்து யார் கொண்டுவருவார்? காய்க்காக என்றால் பொருந்தும். ஓட்டோடு பல மாதம் கெடாது, உயிர்ச்சத்து சி நிறைந்த புளிப்பு, பாய்மரக் கப்பலுக்கு ஏற்ற சாமான். இந்தக் காய் வணிகப்பொருளாகத் திரிந்ததற்குச் சான்றும் உண்டு. இத்தாலியத் தாவரவியலாளர் புரொஸ்பெரோ அல்பினி கெய்ரோவில் கண்ட காயை 1592இல் அச்சிட்ட நூலில் வர்ணித்திருக்கிறார். எகிப்தில் அந்த மரம் இயற்கையாக வளர்வதில்லை.

அரபு வணிகர் மன்னார்க் கரைக்கு வந்தார்களா என்பதில் சந்தேகமே இல்லை. தீவுக்கு எதிரே பெருநிலத்தில் இருக்கும் மாந்தை, மாதோட்டம் என்று தேவாரம் பாடிய துறைமுகம். 1980களில் ஜோன் கார்ஸ்வெல் அங்கே அகழ்ந்தபோது மேற்காசியப் பாண்டங்களும் சீனப் பாண்டங்களும் ஒன்றாகக் கிடைத்தன. பின்னர் நடந்த அகழ்வில் மிளகும் கராம்பும் கோதுமையும் எடுத்தார்கள். முத்துக்குளிப்புக்கு இந்தக் கரை அரபுலகம்வரை பேர்பெற்றது. இபின் பதூதா 1344இல் புத்தளம் கரையில் இறங்கினார். எட்டு ஆண்டுகள் கழித்து மாலி நாட்டில் பொந்து விழுந்த பெருமரத்துக்குள் ஒரு நெசவாளி தறி போட்டிருந்ததைக் கண்டு எழுதினார். அது பெருக்கமரந்தான் என்று கருதுகிறார்கள். ஆக அரபியர் கொண்டுவந்திருக்க முடியும். ஆனால் அப்படியென்றால் மாந்தை செழித்திருந்த முந்திய நூற்றாண்டுகளிலேயே கொண்டுவந்திருக்கலாம். 1477 என்று ஒற்றை ஆண்டைச் சுட்டுவதற்கு அதில் வழியில்லை.

மரத்தின் பருமனிலிருந்து ஆண்டைக் கணக்கிடலாம் என்ற ஆசையும் பழையது. பேரினத்துக்குப் பெயர் தந்த மிஷெல் அடன்சன் 1749இல் செனகலுக்குப் போனவர். டக்காருக்கு அருகிலுள்ள மதலேன் தீவுகளில் இந்த மரங்களின் பட்டையில் பழைய ஐரோப்பிய மாலுமிகள் செதுக்கிய பெயர்களைக் கண்டார். வழுக்குப்பட்டையைக் கண்டால் பெயர் எழுதும் கை அன்றும் சும்மா இருக்கவில்லை. அந்த எழுத்துகளின்மேல் மரம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதை அளவுகோலாக்கி, பெருமரங்களின் வயது ஐயாயிரம் ஆண்டுக்கு மேல் என்று முடிவு கட்டினார். கெட்டிக்கார யோசனை, பிழையான விடை. ரேடியோ காபன் முறையில் ருமேனிய விஞ்ஞானி அட்ரியன் பட்ருட்டின் குழு அளந்தவற்றில் மிக மூத்தது சிம்பாப்வேயின் பங்கே மரம், ஏறத்தாழ 2,450 ஆண்டுகள். பெரிய பெருக்கமரங்கள் அநேகமாக ஒற்றைத் தண்டல்ல என்பதையும் அவர்கள் காட்டினார்கள். வெவ்வேறு காலத்தில் எழுந்த பல தண்டுகள் வட்டமாக ஒட்டி, ஒரே தோலுக்குள் அடங்கிவிடுகின்றன. நடுவில் தெரியும் பொந்து சில வேளை உளுத்து விழுந்ததல்ல, தண்டுகள் மூடாமல் விட்ட இடம். அந்த வழவழப்பான தோல் மூட்டுகளையெல்லாம் மறைத்துவிடும். ஆகவே 19.5 மீற்றரை ஐந்நூறு ஆண்டுக்கு ஈடாக வாசிக்க முடியாது. மூன்று நான்கு தண்டுகள் சேர்ந்தால் அந்தச் சுற்றளவு வெகு சீக்கிரம் வந்துவிடும்.

அதே குழுவினரின் 2018ஆம் ஆண்டுக் கட்டுரை பல ஆண்டு அளவீட்டின் முடிவாக வந்தது. ஆபிரிக்காவின் மிக மூத்த பதின்மூன்று பெருக்கமரங்களில் ஒன்பது, அதற்கு முந்திய பன்னிரண்டு ஆண்டுகளில் முழுதாகச் செத்திருந்தன அல்லது அவற்றின் மூத்த தண்டுகள் சரிந்திருந்தன. காலநிலை மாற்றம் காரணமாக இருக்கலாம் என்றார்கள், உறுதியாகச் சொல்லவில்லை.

தகட்டின் அரபு மாலுமிகளுக்கு வந்த பெரிய போட்டி 2015இல். கேரன் பெல், ஹரிப்ரியா ரங்கன் முதலியோர் ஆபிரிக்கா, இந்தியா, மஸ்கரீன் தீவுகள், மலேசியா ஆகிய இடங்களின் மரங்களில் மரபணுக் குறிகளை ஒப்பிட்டார்கள். மேற்கு, மத்திய இந்திய மரங்கள் தனிக் குழுவாக நின்றன. பரம்பரை வழியில் இந்திய மரங்களுக்கு மிக நெருக்கமானவை மொம்பாசாவுக்கும் தார் எஸ் சலாமுக்கும் இடைப்பட்ட கரையோர மரங்கள். வந்தது ஒருமுறையல்ல, பலமுறை. அதுவரை நினைத்ததைவிட நீண்ட காலப்பரப்பில். ஆனால் தென்கிழக்கு இந்தியாவின் மரங்கள் வேறு கதை சொல்லின. அவை மஸ்கரீன், மலேசிய மரங்களோடு சேர்ந்து மேற்கு ஆபிரிக்கக் குழுவில் விழுந்தன. மேற்கு ஆபிரிக்காவோ அரபுப் பாய்க்கப்பல் போகாத கரை. 18ஆம், 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் குடியேற்ற வலைப்பின்னல் வழியாக வந்தவை என்பது ஆய்வாளர்களின் முடிவு. ஆபிரிக்காவின் உள்நாட்டு மரங்களும் கரையோர மரங்களும் கில்வாவிலும் சம்பேசி ஆற்றுப் பகுதியிலும் கலந்து நிற்பதை, 15ஆம் நூற்றாண்டு தொடக்கம் 19ஆம் நூற்றாண்டு வரை அடிமைகளாகப் பிடித்துக் கரைக்கு நடத்திவந்த மனிதரின் தடமாகவும் அவர்கள் வாசித்தார்கள்.

ஆய்வுக்கு எடுத்த நாடுகளில் இலங்கை இல்லை. ஆனால் மன்னாருக்குத் தென்கிழக்கு இந்தியா கூப்பிடு தூரம். 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்துக் கோட்டை எழுப்பினார்கள், 1658இல் ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயர். மூவருமே ஆபிரிக்கரைப் படைவீரராகவும் அடிமைகளாகவும் இலங்கைக்குக் கொண்டுவந்தவர்கள். அவர்களின் வழித்தோன்றல்களான காப்பிரிச் சமூகம் புத்தளத்துக்கு அருகே சிராம்பியடியில் இன்றும் வாழ்கிறது. புத்தளத்திலும் பெருக்கமரம் நிற்கிறது. இரண்டையும் கோத்துச் சொல்ல என்னிடம் ஆவணம் எதுவும் இல்லை. ஆனால் ஒட்டகத்தைவிட இந்தத் திசையில் தேடுவது பயனுள்ளது என்று நினைக்கிறேன். வணிகனின் நினைவு ஊரில் கௌரவமாக நிலைக்கும், அடிமையின் மடியில் வந்த விதையை யாரும் தகட்டில் எழுதுவதில்லை.

இத்தனைக்கும் இதைத் தீர்ப்பது அப்படியொன்றும் முடியாத காரியமில்லை. பள்ளிமுனை மரத்திலிருந்தும் தீவின் மற்ற மரங்களிலிருந்தும் நெடுந்தீவு, புத்தளம் மரங்களிலிருந்தும் இரண்டிரண்டு இலை போதும், 2015ஆம் ஆண்டு ஆய்வின் அதே குறிகளோடு ஒப்பிடலாம். மொம்பாசாப் பக்கம் சாய்ந்தால் அரபு மாலுமிகளுக்கு வாய்ப்புக் கூடும். போர்த்துக்கேயருக்கும்தான், அவர்கள் மொசாம்பிக்கிலிருந்து வந்துபோனவர்கள். மேற்கு ஆபிரிக்கக் குழுவில் விழுந்தால் 1477 தகடோடு போகவேண்டியதுதான். ரேடியோ காபன் அளவீட்டுக்கும் இடமுண்டு. 1650க்குப் பிற்பட்ட மரத்தில் அந்த முறை தடுமாறும், ஒரே அளவுக்குப் பல ஆண்டுகள் பொருந்திவரும். ஆனாலும் 15ஆம் நூற்றாண்டு மரத்தை 18ஆம் நூற்றாண்டு மரத்திலிருந்து பிரித்துச் சொல்ல அது போதுமானது. தண்டுகள் பலவானால் ஒவ்வொன்றிலும் மாதிரி எடுக்கவேண்டும். துளைத்த காயத்தைப் பட்டை மூடிக்கொள்ளும்.

மூத்த மரங்கள் சரிவதற்கு முன் அடுத்த தலைமுறையை வளர்ப்பதானாலும் இந்தச் சோதனை கைகொடுக்கும். ஒரே தாய்மரத்தின் விதைகளை வரிசையாக நட்டால் பிற்காலத்தில் காய்ப்புக்கு நல்லதல்ல. எந்த மரம் எதற்கு உறவு என்று தெரிந்தால், பள்ளிமுனை விதையையும் நெடுந்தீவு விதையையும் ஒரே வளவில் ஆடு எட்டாத வேலிக்குள் கலந்து வைக்கலாம். எல்லா மரமும் ஒரே குழுவில் விழவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பள்ளிமுனையில் நிற்பது ஒரு கப்பலிலும், புத்தளத்தில் நிற்பது முந்நூறு ஆண்டு கழித்து வேறொரு கப்பலிலும் வந்திருக்கலாம்.